சாகாக் காடியும் ஓயா மின்னூட்டியும்: பேராக் மாநிலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஓடும் காரைப் பற்றி அறிஞர்கள் எழுதிக் குவித்துவிட்டார்கள். ஓடாத காருக்கு அவர்கள் ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை. வீட்டு முன்னால் நிற்கும் காரின் பேட்டரிக்கு இரவும் பகலும் ஒயர் மாட்டி வைக்கும் வழக்கம் மலேசியாவின் பேராக் மாநிலத் தமிழர் வீடுகளில் வேர்விட்டிருக்கும் இந்நாளில், அதன் தோற்றம், உட்பிரிவு, சமயத் தொடர்பு ஆகியவற்றை முறைப்படி ஆராயும் கடமை யார் தலையிலாவது விழத்தான் வேண்டும். என் தலையில் விழுந்தது. ஆய்வுக்கு வேண்டிய கருவிகள் ஒரு வோல்ட் மீட்டர், ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர், அடுத்த வீட்டு விவகாரத்தில் ஆர்வம். மூன்றும் என்னிடம் இருந்தன.

ஈப்போவிலிருந்து வடக்கே சிம்மோர் வழியாகச் சுங்கை சிப்புட் வரைக்கும், தெற்கே பத்துகாஜா, கம்பார் வரைக்கும் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். ரப்பர் மரம் போன இடத்தில் செம்பனை நிற்கும். செம்பனையும் போன இடத்தில் தாமான் நிற்கும். தாமானில் ஒற்றை மாடி வரிசை வீடுகள், வீட்டு முன் தகரக் கூரை, கூரைக்குக் கீழே கித்தான் போர்த்திய ஒரு கார். பானட்டின்மேல் முறத்தில் மோர்மிளகாய் காயும். கித்தானை விலக்கினால் ஏ எழுத்தில் தொடங்கும் பேராக் நம்பர் பிளேட்டில் காய்ந்துபோன சந்தனப் பொட்டு தெரியும். அந்தக் கார்தான் நம் ஆய்வுப் பொருள்.

வரையறை

'நிறுத்தி வைத்த காடி' என்பது யாது? பழுதாகி நிற்பது அன்று. பழுதானால் பட்டறைப் போமெனிடம் போயிருக்கும். விலைக்கு வைத்ததும் அன்று. விற்பதாக இருந்தால் கண்ணாடியில் அட்டை தொங்கும். வீட்டில் யாரோ ஒருவர் "இருக்கட்டும்" என்று சொன்னதால் நிற்கிறதே, அதுதான் நிறுத்தி வைத்த காடி. பெரும்பாலும் அது அப்பாவுடையது. அப்பா இருந்தால் கண் ஆபரேஷன் ஆகியிருக்கும். இல்லையென்றால் மாலை போட்ட படமாக முன்னறையில் இருப்பார். மகன் சிங்கப்பூரிலோ ஷா ஆலாமிலோ வேலை செய்கிறான். மகளிடம் சொந்தமாக மைவி கார் இருக்கிறது. ஓட்ட ஆளில்லை. விற்றுவிடலாம் என்று முதலில் வாயைத் திறக்கவும் ஆளில்லை.

மாதிரிக்கு எடுத்துக்கொண்ட வகை புரோட்டோன் சாகா. 1985 ஜூலை 9ஆம் நாள் அறிமுகமான நாட்டின் முதல் தேசியக் கார். உள்ளே இருப்பதெல்லாம் மிட்சுபிஷி. ஆனாலும் நம்முடைய கார். தோட்டத்துக் கிராணி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர், லோரி ஓட்டியவர் என்று பலருக்கும் முதல் கார் அதுதான். முதலில் வந்தவற்றுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. 1994இல் வந்த கஞ்சிலையும் ஆய்வில் சேர்த்திருக்கலாம். கஞ்சிலை இன்னும் யாராவது பசாருக்கு ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதால் அது வரையறைக்கு வெளியே போகிறது.

பேட்டரி சாகும் விதம்

ஈய அமில பேட்டரியை 1859இல் செய்து காட்டியவர் பிரெஞ்சுக்காரரான காஸ்தோன் பிளாந்தே. இத்தனை ஆண்டில் காரில் எல்லாம் மாறியது. அந்தக் கறுப்புப் பெட்டி மட்டும் அடிப்படையில் மாறவில்லை. உள்ளே ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். ஆறையும் கூட்டினால் நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.4 காட்டினால் கால்வாசி போய்விட்டது என்று பொருள். 12.0 என்றால் மீட்டரை மூடிவிட்டு போமெனுக்குப் போன் அடிக்கலாம்.

மின்சாரம் வெளியேறும்போது உள்ளே தட்டுகளின்மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏறினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் படிகமாகி இறுகும். இறுகியதை எந்தச் சார்ஜராலும் முழுக்க மீட்க முடியாது. ஆகவே பேட்டரி சும்மா கிடந்துதான் சாகிறது. உழைத்துச் செத்த பேட்டரியைவிட ஓய்வெடுத்துச் செத்த பேட்டரிகள் அதிகம் என்பார்கள் ஈப்போ போமென்கள். கடை வாசலில் அடுக்கியிருப்பதைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

சும்மா கிடப்பது மட்டுமா? கார் நின்றாலும் உள்ளே சில உயிரினங்கள் விழித்திருக்கின்றன. கடிகாரம், ரேடியோவின் ஞாபகம், எல்லாவற்றுக்கும் மேலாக அலாரம். மலேசியாவில் பழைய கார் என்றால் பின்னால் மாட்டிய ஓர் அலாரம் கட்டாயம் இருக்கும். திருடன் காரைக் கொண்டுபோகாமல் இருக்கப் பூட்டிய அந்தப் பெட்டி, காருக்குள் இருந்தபடியே பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடுகிறது. இவை எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 0.72 ஆம்பியர்-மணி. சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. பாதி தீர 24 நாள் போதும், பாதி தீர்ந்த பிறகு பழைய எஞ்சின் எழுந்திருப்பது அதன் மனநிலையைப் பொறுத்தது.

இந்தக் கணக்கைச் சரிபார்க்கும் வாய்ப்பு எந்த ஆய்வாளனும் கேட்காமலே கிடைத்தது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சாமான் வாங்க வீட்டுக்கு ஒருவர்தான் போகலாம், அதுவும் பத்து கிலோமீட்டருக்குள் என்றார்கள். இருப்பதில் நல்ல கார் போய்வந்தது, மற்றது தூங்கியது. மே 4இல் கட்டுப்பாடு தளர்ந்தபோது 47 நாள் ஆகியிருந்தது. 0.72ஐ 47ஆல் பெருக்கிப் பாருங்கள்: 33.84. முப்பத்தைந்தில் மிஞ்சிய ஒன்றே சொச்சத்தை ஈப்போ வெயில் சாப்பிட்டது. ஆணையின் காலத்தை மருத்துவர்களா முடிவு செய்தார்கள், பேட்டரி வியாபாரிகளா என்று கேட்கும்படி அவ்வளவு துல்லியம். அந்த வாரம் தாமானில் கேட்ட உரையாடல் ஒன்றே ஒன்றுதான்:

"அண்ணே, கேபிள் இருக்கா? காடி கோங்."

"இருக்கு தம்பி. ஆனா எங்க காடியும் கோங்."

வெயிலைப் பற்றி ஒரு குறிப்பு. பேட்டரி தானாகவே வலுவிழக்கும் வேகம் ஒவ்வொரு 10 பாகை வெப்பத்துக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆனால் பேட்டரியை இடைவிடாமல் நிறைத்து வைக்கும் பராமரிப்புச் சார்ஜர் என்ற பொருள் பனி விழும் நாடுகளில்தான் பெருகியது. அங்கே கோடையில் ஓட்டிய பழைய காரையும் மோட்டார் சைக்கிளையும் குளிர்காலத்துக்குப் பூட்டி வைப்பார்கள். வசந்தம் வந்ததும் எடுப்பார்கள். சார்ஜருடன் வரும் கையேடும் அப்படித்தான் எழுதியிருக்கும்: குளிர்காலம் முடியும்வரை இணைத்து வைக்கவும். ஈப்போவில் இந்த வாசகத்தை அட்சரம் பிசகாமல் பின்பற்றுகிறார்கள். குளிர்காலம் இன்னும் முடியவில்லை.

வரலாற்றுப் பின்னணி

கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாகி, மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலிக்குள் நிற்கிறது. பேராக்கில் நிறுத்தி வைத்துப் பராமரிக்கும் பொருள்களில் அதுவே மூத்தது. அதற்குச் சார்ஜர் வேண்டியதில்லை. அந்த மரத்தின் வாரிசுகள் பேராக் முழுக்கக் காடாகப் பரவியது எதற்காக? டயருக்காக. உலகத்துக் கார்கள் ஓடப் பேராக்கில் விடியுமுன் பிரட்டுக்கு நின்றார்கள், பால் வெட்டினார்கள். டயர் போட்ட கார் துரை பங்களாவுக்கு வந்தது. டயருக்குப் பால் எடுத்தவர் வீட்டுக்கு வந்துசேர மூன்று தலைமுறை ஆயிற்று. வந்த கார் இப்போது நான்கு டயரும் அடியில் தட்டையாகி நிற்கிறது. இதில் பெரிய தத்துவம் இருக்கிறதா என்று கேட்டால், டயரில் காற்று இல்லை என்பதற்கு மேல் ஆய்வாளன் எதுவும் சொல்வதற்கில்லை.

தொடக்க காலத்துத் துரையின் காருக்கு இந்தத் தொல்லை கிடையாது. கைப்பிடியை முன்னால் சொருகிச் சுற்றினால் எஞ்சின் எழும். சுற்றுவது துரையின் வேலையும் அல்ல. 1912இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் செய்த மின் ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் வந்தது. போகப் போகப் பேட்டரி இல்லாமல் கார் இல்லை என்றாயிற்று. நம் ஆய்வும் அன்றுதான் கருக்கொண்டது.

பேராக்கில் மின்சாரத்துக்குக் காத்திருந்து ஏமாந்த முதல் வாகனம் எது என்பதில் எனக்கு ஒரு துணிபு உண்டு. அது பத்துகாஜாவில் வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கிய மாளிகையின் லிப்ட். தமிழ்த் தொழிலாளர்கள் செங்கல் சுமந்து கட்டிய கட்டடம் அது. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, கட்டடம் பாதியில் நின்றது. லிப்ட் வரவில்லை, அதற்கு விட்ட குழி மட்டும் இன்றும் மேலிருந்து கீழ்வரை இருக்கிறது. சற்றுத் தள்ளி அவர் காலத்தில் எழும்பிய மாரியம்மன் கோயிலின் மேலே, தெய்வங்களுக்கு நடுவில் வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு துரை சிலை உண்டு. லிப்ட் வருகிறதா என்று பார்ப்பவர் போலத்தான் நிற்கிறார்.

1930இல் பேராக் ஆற்றின் குறுக்கே சென்டெரோ அணை வந்தது. மின்சாரம் ஈயச் சுரங்கங்களுக்குப் போயிற்று. தோட்டத்து லயத்துக்கோ நெடுங்காலம் ஜெனரேட்டர்தான்: மாலையில் சில மணி நேரம் எரியும், பிறகு படுத்துவிட வேண்டியது. அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளை டிவி வாங்கிய வீடுகளில் அதை ஓட்டியது கார் பேட்டரி. வீட்டில் கார் இருக்காது, பேட்டரி இருக்கும். எப்போதாவது டிவியில் தமிழ்ப்படம் வரும் நாளுக்கு முன்னால் பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டி டவுனுக்குக் கொண்டுபோய், சார்ஜ் ஏற்றும் கடையில் விட்டு, மறுநாள் வாங்கி வர வேண்டும். படம் கிளைமாக்ஸுக்கு வரும்போது திரை சுருங்கிக்கொண்டே போகும். கடைக்காரன் சரியாக ஏற்றவில்லை என்று லயமே திட்டும். பேட்டரி மின்சாரத்தைத் தேடிப் போன காலம் அது. மின்சாரம் பேட்டரியைத் தேடி ஜன்னல் வழியாக வருவது பின்னாளைய வளர்ச்சி.

நால்வகைக் கொள்கையினர்

நிறுத்தி வைத்த காடியைப் பேணுவோரை நான்கு கொள்கையினராகப் பிரிக்கலாம்: தள்ளுவோர், முறுக்குவோர், கழற்றுவோர், செருகுவோர்.

தள்ளுவோர் கொள்கை தொன்மையானது. பேட்டரி சாகட்டும், வேண்டும்போது நாலு பேர் தள்ளி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் எழுந்துவிடும் என்பது அவர்கள் வாதம். ஆட்டோ கியர் வந்ததும் இந்தக் கொள்கை பாதி வலுவை இழந்தது. மீதிப் பாதியை, தள்ள வேண்டிய நாலு பேரும் ஜோகூர் பாலத்தில் பஸ்ஸுக்கு நிற்பதால் இழந்தது.

முறுக்குவோரே இன்று பெரும்பான்மையினர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கைலியோடு வந்து கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு சாவியைத் திருகி, எஞ்சினைப் பத்து நிமிடம் உறும விட்டு, அணைத்துவிட்டுப் பசியாறப் போவார்கள். கடமை முடிந்த நிறைவு முகத்தில் தெரியும். அடுத்த வீட்டுக் கொடியில் காயும் துணியில் புகை தெரியும். இவர்களை மறுக்கக் கணக்குப் போதும். ஒரு வாரத்தில் காடி இழந்தது ஏறத்தாழ 5 ஆம்பியர்-மணி. சும்மா நின்று உறுமும் எஞ்சினிலிருந்து பத்து நிமிடத்தில் அதில் பாதி திரும்பினாலே பெரிது. தட்டில் சல்பேட் படிந்த கிழட்டுப் பேட்டரி அதையும் வாங்காது. ஆக வாரா வாரம் கடன் ஏறுகிறது. போதாக்குறைக்கு, முழுச் சூடு ஏறாத எஞ்சினில் புகைக்குழாய்க்குள்ளும் எண்ணெயிலும் நீர் தங்கித் துரு பிடிக்கிறது. முறுக்குவோரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "சத்தம் கேட்டாத்தான் தம்பி மனசுக்கு நல்லாருக்கு" என்றார் ஒருவர். இதற்கு மறுப்பு எந்த நூலிலும் இல்லை.

கழற்றுவோர் சிறுபான்மையினர், அறிவாளிகள். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக மடக்கி வைத்துவிடுவார்கள். திருட்டு மின்சாரம் அத்தோடு நிற்கும். பேட்டரி தானாக இழப்பது மட்டும் மிச்சம். சில மாதத்துக்கு ஒருமுறை நிறைத்தால் போதும். செலவு இல்லை, ஒயர் இல்லை. கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத பழைய சாகாவுக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது என்பதே என் கருத்தும். ஆனாலும் இந்தக் கொள்கை தோற்றது. அதைத் தோற்கடித்தது மின்னியல் அல்ல.

டெர்மினலைக் கழற்றியதும் அலாரத்தின் விளக்கு அணைந்துவிடுகிறது. டாஷ்போர்டு ஓரத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டு மின்னுமே, அதுதான். ராத்திரி கேட் பூட்ட வரும் அம்மா கித்தான் விலகிய கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவது வழக்கம். அது மின்னவில்லை என்றால், "என்னடா காடி செத்துப்போன மாதிரி கெடக்கு, மாட்டி வை" என்பார். மகன் மாட்டி வைப்பான். 24 நாள் கழித்து அது நிஜமாகவே சாகும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது சார்ஜர் வாங்கி வருவான். செருகுவோர் கொள்கை பேராக்கில் பரவிய வரலாறு இவ்வளவுதான்.

செருகும் முறை

பராமரிப்பு மின்னூட்டி என்பது பழைய பட்டறைச் சார்ஜர் அன்று. பட்டறைச் சார்ஜர் கனத்த தகரப் பெட்டி. மணிக்கணக்கில் விட்டால் 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிப் பேட்டரித் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். புதியது உள்ளங்கையளவு. பேட்டரி நிறையும்வரை ஓர் ஆம்பியர் அளவில் கொடுக்கும், நிறைந்ததும் 13.5 வோல்ட் சுமாரில் நின்று, கசிந்ததை மட்டும் நிரப்பும். தோட்டத்தில் பிறந்தவருக்கு இந்தத் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. மரத்தில் கத்தி போட்டால் பால் மங்கில் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். அவசரப்பட்டு ஆழ வெட்டினால் பட்டை காய்ந்து மரம் கெடும். 1960இல் சுங்கை சிப்புட்காரரான துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்படுவதைத் தடுக்கத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் பங்கு கட்டினார்கள். சுங்கை சிப்புட்காரருக்குச் சொட்டுக் கணக்கு ரத்தத்தில் ஊறியது.

ஈப்போ வெப்பத்துக்கு ஒரு திருத்தம் உண்டு. 25 பாகைக்கு வகுத்த வோல்ட் அளவை 35 பாகையில் ஏறத்தாழ 0.2 குறைக்க வேண்டும். வெப்பத்தை உணர்ந்து தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜரும் கிடைக்கிறது. ஆன்லைனில் மலிவாக வரும் பெட்டி தன்னைச் சுவீடனில் இருப்பதாகவே கடைசிவரை நினைத்துக்கொள்ளும்.

இனி, இணைப்பு. முதலில் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளையும் பச்சையுமான பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைக்க வேண்டும். சார்ஜர் சுவரில் செருகாமல் இருக்கும்போதே சிவப்புக் கிளிப்பைப் பிளஸில் மாட்ட வேண்டும். கறுப்பை மைனஸ் டெர்மினலில் மாட்டாமல், பேட்டரிக்குத் தள்ளி, பெயின்ட் இல்லாத இரும்பில், எஞ்சினிலோ பாடியிலோ கவ்வ விட வேண்டும். பிறகே சுவர்ச் சுவிட்ச். எடுக்கும்போது எல்லாம் தலைகீழ். காரணம், சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும். காற்றில் நாலு விழுக்காடு சேர்ந்தாலே அது தீப்பற்றும். கிளிப் மாட்டும் கடைசி நொடியில் ஒரு பொறி பறக்கும். அந்தப் பொறி பேட்டரியின் தலைமேல் பறக்க வேண்டாம் என்பதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடு. ஏட்டில் இது எளிது. களத்தில் இப்படி நடந்தது:

"மாமா, மொதல்ல செவப்பு."

"தெரியும்டா. நான் தோட்டத்துல ஜெனரேட்டரே பாத்தவன்."

"கறுப்ப அங்க மாட்டாதீங்க மாமா. தள்ளி, இந்த போல்ட்டுல."

"மைனஸ் இங்க இருக்கு, நீ அங்க மாட்டச் சொல்ற. பேட்டரிக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாம் ஒரே இரும்புதான மாமா."

"அப்ப இங்கயே மாட்டுனா என்ன?"

பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதை ஆய்வுநேர்மை கருதிப் பதிவு செய்கிறேன். மருமகன் ஹைட்ரஜனைப் பற்றி விளக்கத் தொடங்கியதும், "அந்தக் காலத்துல துரையோட மோரிஸ் மைனர்ல பிளஸ்ஸுதான்டா பாடியில இருக்கும்" என்று ஒரு போடு போட்டார். அதுவும் உண்மை. 1960கள் வரை வந்த ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் பிளஸ்தான் பாடியோடு இணைந்திருக்கும்; அவற்றுக்குச் சிவப்பு, கறுப்பு விதியை மாற்றிப் படிக்க வேண்டும். மருமகன் வாயை மூடிக்கொண்டான். மாமா கறுப்பை அவர் இஷ்டப்படியே மாட்டினார். ஒன்றும் ஆகவில்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை என்பதுதான் இந்த விதிக்கு உள்ள பெரிய இடைஞ்சல்.

உண்மையான சிக்கல் கிளிப்பில் இல்லை, சுவரில் இருக்கிறது. வரிசை வீட்டு முன்னறையில் பிளக் பாயின்ட் ஒன்றோ இரண்டோதான். சாமி மேடை விளக்கு, ஆஸ்ட்ரோ பெட்டி, வைபை மோடம் என்று ஏற்கெனவே பரம்பரை உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள். சார்ஜர் புது மருமகள் மாதிரி ஓரமாக நிற்க வேண்டியதுதான். எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு, ஜன்னல் கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே விட்டு, பூந்தொட்டியைச் சுற்றி, டயருக்குக் கீழே போகாமல் பானட் வரை கொண்டு வந்தால், பானட் மூடாது. ஒயரைக் கடிக்காமல் இருக்கக் கொட்டாங்கச்சி ஒன்றை இடையில் வைத்து அரை குறையாகச் சாத்துவார்கள். அந்த இடுக்கு வழியாகப் பூனை உள்ளே போகும். கிளிப்பை ஒதுக்கிவிட்டு, பேட்டரியோடு நிரந்தரமாகப் பிணைத்த வளைய ஒயரை பியூஸோடு வெளியே இழுத்துவிட்டால் பானட் நன்றாக மூடும் என்று சொல்லிப் பார்த்தேன். கொட்டாங்கச்சி பழகிவிட்டது என்றார்கள்.

அடுத்தது இடி. ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கில் மதியம் சுண்ணாம்புமலைகளுக்குப் பின்னால் கறுத்தால், மாலைக்குள் கொட்டும். முதல் இடி கேட்டதும் அம்மா எழுந்து வீட்டில் உள்ள பிளக் எல்லாவற்றையும் பிடுங்குவார். மோடம் ஒன்றுக்குக் காசு கொடுத்த அனுபவம். மழை விட்டதும் டிவி பிளக் உடனே ஏறும், நாடகம் காத்திருக்கிறது. மோடமும் ஏறும். சார்ஜர் மட்டும் தரையில் கிடக்கும். ராத்திரி சிங்கப்பூரிலிருந்து போன் வரும்.

"அம்மா, பச்ச லைட் எரியுதா?"

"எரியுதுப்பா."

எரிவது மோடம். அதுவும் பச்சைதான். அம்மா பொய் சொல்லவில்லை.

எலுமிச்சைச் சோதனை

இத்தனை பாடும் எதற்கு? இந்தக் காடி எங்கேதான் போகிறது? விடை ஆயுத பூஜையன்று கிடைக்கிறது. அன்று காலையில் கித்தானை எடுத்துக் கழுவி, ஸ்டீயரிங்கில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கண்ணாடிக்கு முன்னால் சாமந்தி மாலை போட்டு, கற்பூரம் சுற்றி, டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைப்பார்கள். பழம் நசுங்க வேண்டும். நசுங்கக் காடி நகர வேண்டும். நகரப் பேட்டரி இருக்க வேண்டும். குடும்பமே கேட்டோரம் நின்று பார்க்க, சாவி திரும்புகிறது. எழுந்துவிட்டால் சாகா ஓர் அடி முன்னால் போகிறது, பழங்கள் நசுங்குகின்றன, எஞ்சின் அணைகிறது. அந்த ஆண்டுப் பயணம் அத்தோடு முடிந்தது. வோல்ட் மீட்டர் காட்டும் எந்த எண்ணையும்விட இந்தச் சோதனை நம்பகமானது. மீட்டர் 12.6 காட்டியும் ஸ்டார்ட்டரை இழுக்கும் தெம்பில்லாத பேட்டரிகள் உண்டு. எலுமிச்சை அப்படி ஏமாற்றாது.

செலவுக் கணக்கும் போட்டுவிடுவோம். சார்ஜர் சராசரியாக 5 வாட் இழுத்தால் மாதம் 3.6 யூனிட். 2025 நடுப்பகுதி வரை இருந்த வீட்டுக் கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் 21.80 சென், ஆக மாதம் 78 சென், ஆண்டுக்கு ஒன்பதரை வெள்ளிக்குக் கிட்டத்தில். ஒரு புது பேட்டரி 200 வெள்ளி சுமார் என்று பார்த்தால் மலிவுதான். ஆனால் ஆண்டுக்கு ஓர் அடி என்ற பயண தூரத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 30,000 வெள்ளிக்கு மேல் வருகிறது. புது சாகா ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இந்தக் கணக்கை நான் பூஜை நடந்த வீட்டில் சொல்லவில்லை. எனக்கும் அந்த வீட்டில் ஆண்டுதோறும் சுண்டல் வேண்டும்.

மேலாய்வுக்கு உரியவை

மின்கார் வந்தால் இந்தச் சாத்திரம் அழிந்துவிடும் என்று இளைய தலைமுறை கருதுகிறது. புரோட்டோனின் தொழிற்சாலை இருக்கும் தஞ்சோங் மாலிம் இதே பேராக்கில்தான் இருக்கிறது. அந்நிறுவனத்தின் முதல் மின்காரும் 2024 டிசம்பரில் சந்தைக்கு வந்துவிட்டது. சிங்கப்பூர் மகனும் அடுத்து மின்கார்தான் என்று முடிவு செய்திருக்கிறான். ஆனால் மின்காரிலும் கீழே அகலமாகப் படுத்திருக்கும் பெரிய பேட்டரியைத் தவிர, தனியே 12 வோல்ட்டில் ஒரு சின்ன பேட்டரி உண்டு. கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர், விளக்கு எல்லாம் அதன் பொறுப்பு. நாள்கணக்கில் நின்று அது தீர்ந்துவிட்டால், கீழே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் மின்சாரம் நிறைந்திருந்தாலும் கார் கண் திறக்காது. பெரியதைச் சார்ஜ் செய்வதற்கும் சின்னது விழித்திருக்க வேண்டும். இதை மகன் போனில் விளக்கிக்கொண்டிருந்தபோது, நானும் அந்த முன்னறையில் இருந்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அதுக்கும் ஒயர் மாட்டணுமா?"

"ரொம்ப நாள் நின்னா மாட்டணும்மா."

"நீ எங்கடா ஓட்டப்போற, இங்கதான நிக்கும்," என்றவர், போனை வைத்துவிட்டு, சாமி மேடைக்குப் பக்கத்தில் இன்னொரு பிளக் பாயின்ட் போட என்ன செலவாகும் என்று என்னைக் கேட்டார்.